“போகப் போகச் சரியாயிடும்” என்று காத்திருக்காதீர்கள்!

“ரெண்டு வயசாச்சு, இன்னும் ‘அம்மா’ன்னுகூடச் சொல்லலையே” என்று நீங்கள் கவலைப்பட்டால், வீட்டில் உடனே பதில் வரும்: “அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான். போகப் போகச் சரியாயிடும்!”

ஆறுதலுக்குச் சொல்வதுதான். ஆனால், மூளை வேகமாக வளர்வது முதல் சில வருடங்களில். சும்மா காத்திருந்தால் நஷ்டம் குழந்தைக்குத்தான்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?

* 4 மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை.
* 9 மாதமாகியும் தானாக உட்காரவில்லை.
* ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை.
* ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை. விரல் நீட்டி எதையும் காட்டவில்லை.
* 2 வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை.
* பேசிய வார்த்தைகள் மறந்துபோகின்றன.

இதில் ஒன்று இருந்தாலும் போதும், தள்ளிப் போடாதீர்கள்.

டாக்டர் முதலில் பிரசவத்தைப் பற்றிக் கேட்பார். குறைமாதமா, பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலை, வலிப்பு வந்ததா... எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்து காது, கண் பரிசோதனை. காதைப் பார்க்காமலேயே ‘மந்தம்’ என்று முத்திரை குத்துவது அநியாயம்! “கதவு சத்தத்துக்குத் திரும்புறானே?” என்பீர்கள். பெரிய சத்தம் கேட்கும் காதுக்குப் பேச்சு தெளிவாகக் கேட்காமல் இருக்கலாம். ‘பெரா’ பரிசோதனையில் குழந்தை தூங்கும்போதே இதைக் கண்டுபிடித்துவிடலாம். வலியே இருக்காது. பிறகு உளவியல் நிபுணர் விளையாட்டுக் காட்டியும் உங்களிடம் கேள்வி கேட்டும் வளர்ச்சியை அளப்பார்.

எங்கே போவது? பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை வளர்ச்சிக் குறைகளைக் கண்டறியும் மத்திய அரசுத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன்படி அமைந்த ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் இருக்கிறது. மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்கு, வட்டார வள மையம் மூலம் நடக்கும் மருத்துவ மதிப்பீட்டு முகாம்கள் வசதி. தேதியைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

முகாமில் ‘40 சதவிகிதம்’ என்பது போல எழுதித் தருவார்கள். பயப்படாதீர்கள். அது குழந்தையின் மதிப்புக்குப் போட்ட மார்க் அல்ல. உதவி பெறும் உரிமைக்கான அளவு. 1995-ம் வருடச் சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே இருந்தன. 2016-ம் வருடச் சட்டம் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உட்பட 21 வகைகளை ஏற்கிறது. 40 சதவிகிதமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படியான உரிமை.

போகும்போது பிரசவ டிஸ்சார்ஜ் சீட்டு, தடுப்பூசி அட்டை, பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தை விளையாடுவதை செல்போனில் படம்பிடித்துக் காட்டுங்கள். புது இடத்தில் மிரண்டு நிற்கும் குழந்தையின் உண்மையான திறமை டாக்டருக்கு அதில்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. சர்டிஃபிகேட் வரட்டும் என்று பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். பேச்சுப் பயிற்சியோ, பிசியோதெரபியோ, டாக்டர் சொன்ன அன்றே ஆரம்பித்துவிடுங்கள். அட்டை மெதுவாக வரட்டும்!