ஐவர்மலையும் அமோகவர்ஷனும்

சிறுபான்மைச் சமயத்தைச் சார்ந்த ஒருவர் ஆட்சிப் பொறுப்பேற்றால் பிற சமயத்தாரை எவ்வாறு நடத்துவார்? இவ்வினாவை ஆராய்வோர் பழனிக்கு அண்மையிலுள்ள ஐவர்மலையை முதலிற் கண்டு வருதல் நன்று. பாறையில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாக விளங்குகின்றன. சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர், பார்சுவ பகவானையும் இயக்கியரையும் புதுப்பித்து, திருவமுதிற்கும் அடிகள் ஒருவரின் உணவிற்குமாக 505 காணம் பொன் வைத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகின்றது. அது சைவப் பற்றுடைய வரகுண பாண்டியனின் எட்டாம் ஆட்சியாண்டு. பொன் அவன் கொடுத்ததன்று. எனினும் அவன் நாட்டில் நம் முன்னோர் மறைவின்றி அறம் செய்து, அதனைக் கல்லிலும் பொறித்தனர்.

அதே காலத்தில் மானியகேடத்திலிருந்து ஆண்ட இராட்டிரகூட அமோகவர்ஷனோ ஜினசேனாசாரியரைப் பணிந்தவன். குடிகளிற் பலர் பிற சமயத்தார். மக்களுக்கு நேர்ந்த இடர் நீங்க, அவன் மகாலட்சுமிக்குத் தன் விரலையே அரிந்தளித்தான் எனக் கி.பி. 871ஆம் ஆண்டுச் சஞ்சான் செப்பேடு புகழ்கின்றது. (விரலை அரிதல் அகிம்சைக்கு ஒவ்வாது என்பதே நம் கருத்து.) குடிகளின் தெய்வத்தை அவன் அயலாக எண்ணவில்லை. இஃது அநேகாந்தம் தந்த உளப்பாங்கா, அரசியல் தேவையா? அரசவைப் புகழுரையை மட்டும் கொண்டு பிரித்தறிதல் அரிது.

சமயமே பொறையைத் தந்துவிடும் என்றும் கூறவியலாது. பெரியபுராணத்துப் பல்லவன் சமணனாயிருந்தபோது திருநாவுக்கரசரைத் துன்புறுத்தினான்; சைவனான பின் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்தான். நம் இல்லங்களில் நாம் பிற்பாதியை மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்லி வருகின்றோம்.