விலை இறங்கும், செலவு இறங்காது: பழைய சொகுசு கார் வாங்கும் முன் ஒரு கணக்கு

கேம்பஸில் வேலை உறுதியான கையோடு நம்ம பசங்க நிறைய பேர் செய்யும் முதல் காரியம், பழைய கார் விளம்பரங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவதுதான். ஒரு பக்கம் புது ஹேட்ச்பேக். இன்னொரு பக்கம், கிட்டத்தட்ட அதே விலைக்கு, பத்து வயதான பிஎம்டபிள்யூ 320டி. புதிதாக வந்தபோது 40 லட்சம் ரூபாயை ஒட்டி விற்ற வண்டி அது. "மச்சி, இதை விட்டுட்டு எவன்டா ஹேட்ச்பேக் வாங்குவான்?" என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான்.

வாங்காதே என்று மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. நாம் வகுப்பில் படிக்கும் நம்பகத்தன்மைப் பாடத்தை, ரிலையபிலிட்டி என்று தேர்வுக்கு மட்டும் மனப்பாடம் செய்கிறோமே அதை, இந்த ஒரு முடிவில் போட்டுப் பார்ப்போம். மார்க்குக்காகப் படித்தது முதல் சம்பளத்தைக் காப்பாற்றினால் நல்லதுதானே?

சந்தை முட்டாள் இல்லை

40 லட்ச ரூபாய் வண்டி ஏன் இவ்வளவு கீழே வருகிறது? வாரண்டி முடிந்துவிட்டது, அந்த வகை காரை வாங்கும் வசதி உள்ளவர்கள் புதியதைத்தான் தேடுவார்கள் என்பதெல்லாம் உண்மை. முக்கியக் காரணம் வேறு. அடுத்த சொந்தக்காரர் செய்யப்போகும் செலவை, சந்தை அந்த விலையிலேயே கழித்துவிட்டது. உங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடி வருங்கால ரிப்பேர் பில்லின் முன்பணம் மாதிரி.

காரின் விலை வருடா வருடம் இறங்கும். அதன் உதிரி பாகங்களின் விலை இறங்காது. சென்னையை அடுத்த மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் தொடங்கிய ஆலையில்தான் இந்த 3 சீரிஸ் கார்கள் நம் நாட்டுக்காகப் பொருத்தப்பட்டன. ஆனாலும் பல பாகங்கள் இறக்குமதிதான். நீங்கள் ஹேட்ச்பேக் விலை கொடுத்து வாங்கினாலும், ரிப்பேர் செய்யும்போது அது 40 லட்ச ரூபாய் காராகவே இருக்கும்.

பாகம் கூடக் கூட

பாடத்திலிருந்து முதல் சூத்திரம். ஒரு அமைப்பில் எல்லாப் பாகமும் வேலை செய்தால்தான் அமைப்பு முழுதாக வேலை செய்யும் என்றால், ஒவ்வொன்றின் நம்பகத்தன்மையையும் பெருக்க வேண்டும். ஒவ்வொரு பாகமும் ஒரு வருடம் பழுதில்லாமல் ஓட 99% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். 20 பாகம் இருந்தால் 0.99இன் 20ஆம் அடுக்கு, அதாவது சுமார் 82%. 100 பாகம் இருந்தால்? சுமார் 37% மட்டுமே.

சொகுசு காரில் என்ன அதிகம்? மோட்டார் வைத்த சீட், தானாக மூடும் கண்ணாடி, வளைவில் திரும்பும் முகப்பு விளக்கு, இவற்றைக் கட்டுப்படுத்தும் தனித்தனி கணினிப் பெட்டிகள் என்று எல்லாமே அதிகம். ஒவ்வொன்றும் ஹேட்ச்பேக் பாகத்தை விடத் தரமாகவே செய்யப்பட்டிருக்கலாம். ஆனால் எண்ணிக்கை ஜெயித்துவிடும். சீட் மோட்டார் போனால் வண்டி நடுரோட்டில் நிற்காது, சரிதான். ஆனால் "எல்லாம் வேலை செய்கிற" நிலையில் வண்டியை வைத்திருக்க, ஏதாவது ஒன்றுக்குச் செலவு வந்துகொண்டே இருக்கும்.

தொட்டி வளைவில் நீங்கள் எங்கே?

இரண்டாவது பாடம், பாத்டப் வளைவு. புதுசில் தயாரிப்புக் குறைகளால் பழுது வீதம் அதிகம். பிறகு நீண்ட சமதளம். கடைசியில் தேய்மானத்தால் மறுபடி ஏற்றம். முதல் மேட்டை வாரண்டி பார்த்துக்கொண்டது. சமதளத்தை முதல் சொந்தக்காரர் அனுபவித்துவிட்டார். ஏற்றம் தொடங்கும் இடத்தில்தான் நீங்கள் சாவியை வாங்குகிறீர்கள்.

இந்த வயதில் ரப்பர் புஷ், குளிர்விப்பு அமைப்பின் பிளாஸ்டிக் பாகங்கள், ஆயில் கேஸ்கட் எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் வயதாகும். கிலோமீட்டர் குறைவாக ஓடிய வண்டியிலும் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் வயது நிற்காது. "40,000 தான் ஓடியிருக்கு சார்" என்ற வசனத்தில் பாதி உண்மைதான் இருக்கிறது.

கியர்பாக்ஸ் இன்னொரு உதாரணம். 320டியில் வரும் இசட்எஃப் நிறுவனத்தின் 8 வேக ஆட்டோமேட்டிக் அருமையான பெட்டி. அதன் ஆயில் "லைஃப்டைம்" என்று கார் நிறுவனம் சொல்லும். கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. லைஃப்டைம் என்றால் யாருடைய லைஃப்? முதல் சொந்தக்காரருக்கு அது போதும். உங்களுக்குப் போதாது.

ஒரு சங்கிலியின் கதை

2007இல் அறிமுகமான பிஎம்டபிள்யூவின் என்47 டீசல் எஞ்சின், 320டியின் பழைய பதிப்புகளில் இருந்தது. இதன் டைமிங் செயின் பிரச்சினை உலகம் முழுக்கப் பேசப்பட்ட ஒன்று. செயின் தேய்ந்து தளர்ந்தால் சத்தம் வரும். அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே காலி. முதல் சில வருடத் தயாரிப்புகளில் இது அதிகம், பின்னால் வந்தவற்றில் மாற்றங்கள் செய்தார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது செயினின் தரத்தை மட்டும் அல்ல, அது இருக்கும் இடத்தையும்தான். வழக்கமாக எஞ்சினின் முன்பக்கம் இருக்கும் செயின், இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. வடிவமைப்பாளர் பக்கம் நியாயம் இருக்கு. ஃப்ளைவீல் பக்கம் கிராங்க் ஷாஃப்டின் முறுக்கு அதிர்வு குறைவு, முன்பக்கம் எஞ்சினின் உயரத்தையும் குறைக்கலாம். ஆனால் அந்தச் செயினை மாற்ற கியர்பாக்ஸையோ எஞ்சினையோ இறக்கியாக வேண்டும். பாகத்தின் விலையை விடக் கூலி பெரிதாகிவிடும். அடுத்து வந்த பி47 எஞ்சினிலும் செயின் பின்பக்கம்தான். பழுது வரும் வாய்ப்பு குறைந்தது, வந்தால் ஆகும் செலவு குறையவில்லை.

ஆக, "அடிக்கடி ரிப்பேர் ஆகுமா?" என்பது அரைக் கேள்வி. "ஆனால் எவ்வளவு ஆகும்?" என்பது மீதி அரை.

சராசரி உங்களைக் காப்பாற்றாது

வாய்ப்பையும் செலவையும் பெருக்கினால் எதிர்பார்ப்புச் செலவு கிடைக்கும். சும்மா ஒரு கணக்குக்காக இந்த எண்களை எடுத்துக்கொள்வோம். சொகுசு காரில் ஒரு வருடத்தில் 3 லட்சம் ரூபாய் பழுது வர 10% வாய்ப்பு என்றால் சராசரி 30,000. ஹேட்ச்பேக்கில் 40,000 ரூபாய் பழுது வர 20% வாய்ப்பு என்றால் சராசரி 8,000. "மாசம் 2,500 தானே, சமாளிச்சிடலாம்" என்று தோன்றும்.

அங்கேதான் கால் வழுக்குகிறது. சராசரி என்பது நூறு கார் வைத்திருக்கும் டிராவல்ஸ்காரருக்கு. உங்களிடம் இருப்பது ஒரே கார். உங்களுக்கு 30,000 ரூபாய் பில் வராது. ஒன்று பூஜ்யம், இல்லையென்றால் 3 லட்சம். அந்த 3 லட்சம் வரும் மாதம் உங்கள் சம்பளம், கல்விக் கடன் தவணை, வீட்டுக்கு அனுப்பும் பணம் எல்லாம் என்னாகும்? ரிப்பேர் செய்யப் பணமில்லாத சொகுசு காரை விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது. மெக்கானிக் ஷெட்டின் ஓரத்தில் தூசி படிந்து நிற்கும் ஜெர்மன் கார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல, ஓட முடியாததால் அல்ல, பில் கட்ட முடியாததால் நிற்கின்றன.

கண்ணால் காண்பதும் பொய்

கணக்குப் போட்டும் "பரவாயில்ல, தாங்குவேன்" என்றால் அடுத்த வேலை, வண்டியைப் பற்றிய தகவலைக் கூட்டுவது. பரிசோதனை எதையும் சரி செய்யாது, ஆனால் நம் அறியாமையைக் குறைக்கும்.

1. எஞ்சின் ஆறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், யாரோ முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வாருங்கள். முதல் ஸ்டார்ட்டில் பின்பக்கமிருந்து உரசலோ கிலுகிலு சத்தமோ வந்தால் விலகிவிடுங்கள்.

2. ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். மலிவான ஓபிடி கருவி பெரும்பாலும் எஞ்சின் கணினியை மட்டும் படிக்கும். எல்லாப் பெட்டிகளையும் படிக்க அந்த பிராண்டுக்கான மென்பொருள் வேண்டும். "ஒரு எரர் கூட இல்ல" என்றால் மகிழ வேண்டாம், எப்போது அழித்தார்கள் என்று பாருங்கள். ஓபிடி தரத்தில் மோட் 01, ஹெக்ஸ் 31 என்ற எண், கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரத்தைச் சொல்லும். அது 12 கிலோமீட்டர் என்றால், நேற்றுதான் யாரோ துடைத்திருக்கிறார்கள்.

3. மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். ஓடிய தூரம் வேறு சில கணினிப் பெட்டிகளிலும், பிஎம்டபிள்யூவில் சாவியிலும் பதிவாகும். இவற்றையும் சர்வீஸ் பில்களையும் ஒப்பிடுங்கள். டயரில் 2318 என்று நான்கு இலக்கம் இருந்தால் அது 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. 30,000 ஓடிய வண்டியில் மூன்றாவது செட் டயர் ஏன் என்று கேட்கலாம்.

4. வெள்ளம். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எத்தனை! சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேற்றுக் கறை தெரியும். சீட்டுக்கு அடியில் போல்ட் துரு, கார்பெட்டுக்குக் கீழே ஈர வாடை பாருங்கள். மூழ்கிய வண்டியில் வயரிங் பழுது வருடங்கள் கழித்தும் வரும்.

5. ரீகால். இஜிஆர் பகுதியில் கூலன்ட் கசிந்து தீப்பிடிக்கும் ஆபத்து இருந்ததால், பிஎம்டபிள்யூ 2018இல் உலகளவில் சுமார் 16 லட்சம் டீசல் கார்களைத் திரும்ப அழைத்தது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், ரீகால் வேலை ஏதும் பாக்கி உள்ளதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

6. காகிதம். டெல்லியில் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டிகளுக்கு வந்த கட்டுப்பாடுகளால் அங்கிருந்து தெற்கே வரும் கார்கள் நிறைய. வெளிமாநில வண்டி என்றால் படிவம் 28இல் தடையில்லாச் சான்று, பெயர் மாற்றத்துக்கு 29, 30, கடன் பாக்கி இருந்திருந்தால் 35 வேண்டும். இங்கே ஆயுள் வரி வேறு கட்ட வேண்டும். "சீப்பா கிடைச்சது" என்ற விலையில் இதையும் கூட்டுங்கள்.

விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, இந்த பிராண்டில் வேலை தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் காசு கொடுத்து வண்டியைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். "பரிசோதனைக்குத் தர மாட்டேன்" என்று விற்பவர் சொன்னால் அதுவே ரிசல்ட்.

முடிவு எப்படி?

கையில் இருக்கும் மொத்தப் பணத்தையும் வண்டி விலையில் போடாதீர்கள். மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் தனியே வையுங்கள். 9 லட்சம் இருந்தால் 6 லட்ச ரூபாய் வண்டி. அந்த 6 லட்சத்துக்குப் பிடித்த கார் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கார் இன்னும் உங்கள் பட்ஜெட்டுக்கு வரவில்லை என்றுதான் அர்த்தம். கடன் வாங்கித்தான் வாங்க முடியும் என்றால் இன்னும் யோசியுங்கள். பழைய காருக்கான வட்டி பொதுவாகப் புதுக் காரை விட அதிகம். ஷெட்டில் நிற்கும் வண்டிக்கும் இஎம்ஐ போய்க்கொண்டே இருக்கும்.

சொகுசும் வேண்டும், நிம்மதியும் வேண்டும் என்பவர்கள் எளிமையான அமைப்புள்ள பெரிய செடான்களையும் பாருங்கள். உதாரணமாக டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டின் டிரான்ஸ்மிஷனில் டார்க் கன்வெர்ட்டரும் இல்லை, தேய்கிற கிளட்ச் பேக்குகளும் இல்லை. பெருக்க வேண்டிய எண்களில் சில குறைகின்றன. அதிலும் பெரிய பேட்டரி என்ற ஒரு செலவு காத்திருக்கும். ஆனால் அது எது, எங்கே இருக்கிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும்.

கடைசியாக, வண்டியைச் சுற்றி வந்து, ஓட்டிப் பார்த்து, மனசு முழுக்க ஆசை ஏறிய பிறகு ஒரு கேள்வியை உங்களிடமே கேளுங்கள்: வாங்கிய மூன்றாவது மாதம் 3 லட்ச ரூபாய் பில் வந்தால், வீட்டில் யாரிடமும் கை நீட்டாமல் கட்ட முடியுமா? முடியும் என்றால் சந்தோஷமாக வாங்குங்கள், ஓட்டுவதற்கு அருமையான கார் அது. முடியாது என்றால் ஹேட்ச்பேக்கை எடுங்கள். 320டி எங்கேயும் போகாது, இன்னும் இரண்டு வருடத்தில் விலை இன்னும் இறங்கித்தான் இருக்கும். அதற்குள் உங்கள் சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கும்.