காலில் கத்தி வைப்பவர் யார்?

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களில் "சர்க்கரை, கால் புண்" என்ற வரியை அடிக்கடி பார்க்கிறோம். அண்மையில் வந்த ஒன்றை மட்டும் சொல்கிறோம். பெரியவர் ஒருவருக்கு உள்ளங்காலில் ஆணி. பல வருடச் சர்க்கரை. யாரோ சொன்னார்கள் என்று "ஆணி எடுப்பவர்" ஒருவரிடம் போயிருக்கிறார். பிளேடால் சீவி எடுத்தார்களாம். கொஞ்சம்கூட வலிக்கவில்லை என்று வீட்டில் சந்தோஷமாகச் சொன்னாராம். மூன்றாம் வாரம் பெருவிரலையே எடுக்க வேண்டியதாயிற்று.

வலிக்காததுதான் ஆபத்து. சர்க்கரையால் நரம்பு மரத்த காலில் கத்தி ஆழமாகப் போனாலும் தெரியாது. ரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் சின்ன வெட்டுகூட ஆறாது. ஆணி எடுத்தவர் என்ன படித்தவர் என்று கேட்டோம். வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

பிரான்சில் இருக்கும் உங்கள் உறவினரைக் கேட்டுப் பாருங்கள். அங்கே கால் நகம், ஆணி இவற்றுக்கு 'பெடிக்யூர்-பொடோலோக்' என்பவரிடம் போவார்கள். மூன்று வருடம் படித்து, அரசு டிப்ளமா வாங்கிப் பதிவு செய்தவர் அவர். சட்டம் அவருக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறது. தடித்த மேல்தோலையும் நகத்தையும் அவரே பார்க்கலாம், ஆனால் ரத்தம் வரும்படி எதுவும் செய்யக் கூடாது. அமெரிக்காவில் இதே தொழில் செய்பவர் அறுவைச் சிகிச்சையே செய்வார். அதிலும் மாநிலத்துக்கு மாநிலம் எல்லை வேறு. சில மாநிலங்களில் கணுக்கால் வரை போகலாம், சிலவற்றில் பாதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இந்தத் தொழில் இன்னும் வேரூன்றவில்லை. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் பட்டியலில் 'பொடியாட்ரிஸ்ட்' என்ற பெயர் இருக்கிறது. பதிவு செய்ய ஒவ்வொரு மாநிலமும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்த வேலை எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. ஆகவே போர்டில் 'கால் நிபுணர்' என்று இருப்பதை மட்டும் நம்பிக் காலை நீட்ட முடியாது.

டாக்டர் என்றாலும் எல்லைக் கேள்வி உண்டு. சித்தா, ஆயுர்வேதம், யுனானி படித்தவர் ஆங்கில மருந்து எழுதலாமா என்ற வழக்கில், அது அந்தந்த மாநிலச் சட்டத்தைப் பொறுத்தது என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோரிமேடு தாண்டினால் தமிழ்நாடு, மாஹேயைச் சுற்றிக் கேரளம் என்று வாழும் நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. யுனானி மருத்துவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவரவர் படித்ததை அவரவர் செய்யட்டும் என்பதே எங்கள் கருத்து.

அப்படியானால் யாரிடம் போவது? சர்க்கரை உள்ளவருக்கு ஆணியோ கொப்புளமோ நகம் சதைக்குள் வளர்வதோ எதுவானாலும் முதலில் எம்.பி.பி.எஸ். மருத்துவரிடம் காட்டுங்கள். ஜிப்மரிலோ இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலோ காட்டலாம். உணர்ச்சி இருக்கிறதா என்று நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கால் நாடியையும் பார்ப்பார்கள். இந்த இரண்டையும் பார்க்காமல் ஒருவர் பிளேடை எடுத்தால், பெரியவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். மெடிக்கலில் விற்கும் ஆணி பிளாஸ்டரும் வேண்டாம். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

செருப்பையும் கவனியுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மரத்த பாதங்களை ஆராய்ந்து, ஒரே இடத்தில் விழும் அழுத்தமே புண்ணாகிறது என்று காட்டினார். அந்த வழியில் வந்ததுதான் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு. மரத்த கால் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கும் மருத்துவர்கள் அதையே எழுதித் தருகிறார்கள்.

ஒளு செய்யும்போது விரல் இடுக்கைக் கோதிக் கழுவுகிறோமே, அந்த நேரத்திலேயே காலைப் பார்த்துவிடலாம். கழுவியபின் இடுக்கில் ஈரம் நிற்காமல் துடைக்க வேண்டும். வெந்நீர் என்றால் சூட்டை வீட்டில் வேறொருவர் கைவைத்துப் பார்க்கட்டும். ஜும்ஆ முடிந்து உச்சி வெயிலில் வெறுங்காலோடு தரையில் நடப்பது கூடாது. அத்தாவால் குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். சிவப்பு, வீக்கம், நாற்றம், நீர்க் கசிவு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே புறப்பட வேண்டும். செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டாம். மருத்துவர் எழுதிய சீட்டோடு எங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள், விண்ணப்பத்தை நாங்களே எழுதித் தருகிறோம்.