வெயிலையும் அளந்து பார்

அன்புத் தங்கைக்கு,

பச்சிளங்குழந்தைகளின் நலத்தில் ஆய்வு செய்ய இறங்கியிருக்கிறாய். தலைப்புக்காக வெளிநாட்டு இதழ்களைப் புரட்டுவதற்கு முன், நம் பினாங்கின் காலை நேரத்தைக் கவனி. ஜார்ஜ் டவுன் ஐந்தடி நடைபாதையிலும் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வாசலிலும், பிறந்து நாலைந்து நாளே ஆன பிள்ளையை இளவெயிலில் காட்டுவார்கள். மஞ்சள் காமாலை இறங்கிவிடும் என்று பாட்டி சொல்லியிருப்பார். அந்தப் பேச்சை மூடநம்பிக்கை என்று ஒதுக்காதே, மருந்து என்று ஒப்புக்கொள்ளவும் செய்யாதே. அளந்து பார்ப்பதுதான் உன் வேலை.

ஒளிச் சிகிச்சை பிறந்ததே அப்படித்தான். 1956-இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் மருத்துவமனையில், குறைமாதப் பிள்ளைகளின் பொறுப்பில் இருந்த தாதி ஜீன் வார்டு, நல்ல காற்றும் வெயிலும் பிள்ளைகளுக்கு நல்லது என்று நம்பி அவர்களை முற்றத்துக்குக் கொண்டுபோவார். ஒரு பிள்ளையின் உடம்பெல்லாம் வெளுத்திருக்க, துணி மூடியிருந்த முக்கோண வடிவத் தோல் மட்டும் மஞ்சளாகவே நின்றது. அதை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். பிறகு, சன்னல் வெயிலில் கிடந்துவிட்ட ஒரு குழாய் இரத்தத்தில், மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் அளவு குறைந்திருந்ததும் தெரியவந்தது. மருத்துவர் கிரேமரும் அவருடைய தோழர்களும் நீல ஒளிக்குழல்கள் பொருத்திய தொட்டிலைச் செய்து, 1958-இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். தாதியின் கண்ணில் பட்டது ஆய்வாக வளர்ந்தது, யாரோ அதை எண்ணாக மாற்றியதால்தான்.

வெயில் வேலை செய்கிறது என்றால் விளக்கு எதற்கு, மருத்துவமனை எதற்கு என்று உன்னிடம் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிலிருபினை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது நீல ஒளி. வெயிலிலோ அதனுடன் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரும் வெப்பமும் சேர்ந்தே வருகின்றன. நம் ஊர் வெயிலில் அம்மணமாகக் கிடத்தினால் பிள்ளைக்கு நீர் வற்றிவிடும். துணியில் சுற்றிக் காட்டினால் ஒளி தோலில் படாது. நைஜீரியாவின் லாகோஸில் இதையே முறையாகச் சோதித்தார்கள். அந்தக் கதிர்களை வடிகட்டும் படலம் போர்த்திய கூடாரத்தில் பிள்ளைகளை வைத்து, உடல் சூட்டைக் கண்காணித்து, இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். வழக்கமான ஒளிச் சிகிச்சைக்குக் குறையாத பலன் கிடைத்ததாக 2015-இல் அறிவித்தார்கள். பாட்டி சொன்னதில் உண்மை இருந்தது. வாசல் வெயிலை நம்பி கிளினிக்குக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து. அளவு மீறிய பிலிருபின் மூளைக்குள் போனால் காது கேளாமையும் கைகால் முடக்கமும் வாழ்நாள் முழுக்க நிற்கும்.

அனுபவமுள்ள கண்ணுக்கு மஞ்சள் தெரியாதா என்பது இன்னொரு வாதம். தலையில் தொடங்கிக் காலுக்கு இறங்கும் மஞ்சளைப் பார்த்து அளவை மதிப்பிடும் முறையை 1969-இல் கிரேமர் என்ற இன்னொரு மருத்துவர் எழுதிவைத்தார். கருத்த தோலிலும் மாநிறத்திலும் கண் எளிதில் ஏமாறும், நம் பிள்ளைகள் பலருக்கு நிறம் அதுதான். குதிகாலில் எடுக்கும் சில துளி இரத்தமே உண்மையைச் சொல்லும்.

அதே பாட்டி, பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்த பெட்டியிலிருந்து சட்டையை எடுத்துப் பிள்ளைக்குப் போடுவார். ஜி6பிடி என்ற நொதியில் குறைபாடு உள்ள பிள்ளையின் சிவப்பணுக்களை அந்த உருண்டையிலுள்ள நாப்தலின் உடைத்து, மஞ்சளைத் திடீரென ஏற்றிவிடும். நம் நாட்டில் பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறைபாட்டைப் பார்ப்பது இதனால்தான். வெயிலும் பாச்சை உருண்டையும் ஒரே வீட்டு வழக்கங்கள்தான். எதை எடுப்பது, எதை விடுவது என்று ஆய்வு பிரித்துச் சொன்னது. அந்த முடிவு தாய்க்குத் தமிழில், மலாயில், ஹொக்கியனில் புரியும்படி போய்ச் சேராவிட்டால் பரிசோதனைத் தாளால் பிள்ளைக்குப் பயனில்லை.

ஆகவே தங்கை, கேள்வித்தாள் தயாரிப்பதற்கு முன், பிரசவித்த வீடுகளுக்குப் போகும் தாதியோடு ஒரு வாரம் நீயும் போ. அவர் எதைப் பார்த்துத் தயங்கி நிற்கிறார் என்று குறித்துக்கொள்.