இரத்தப் பரிசோதனை: எண்களும் அவற்றின் பொருளும்

இரத்தச் சோகையைத் தடுப்பதற்கான தேசியத் திட்டம் நம் நாட்டில் 1970இல் தொடங்கப்பெற்றது. எனினும் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இரத்தச் சோகை உடையோர் 2015-16இல் 53 விழுக்காட்டினர். 2019-21இல் 57 விழுக்காட்டினர். மாத்திரை வழங்கியும் சோகை குறையாதது ஏன்? இதனை ஆராய்வோர் முதலில் பரிசோதனை எண்களின் பொருளை அறிதல் வேண்டும்.

இரத்தத்தின் கூறுகள்

இரத்தத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடு பிளாஸ்மா என்னும் நீர்மம், எஞ்சியவை அணுக்கள். வெள்ளையணுக்கள் நோய்க்கிருமிகளை எதிர்க்கின்றன. தட்டணுக்கள் இரத்தம் உறைவதற்கு உதவுகின்றன. சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபின் என்னும் புரதம் பிராணவாயுவை உடலெங்கும் கொண்டு செல்கிறது. அதனை ஆக்குவதற்கு இரும்புச் சத்து இன்றியமையாதது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாட்கள்.

100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆண்களுக்கு 13 கிராமுக்கும், கருவுறாத பெண்களுக்கு 12 கிராமுக்கும் குறையின் அது இரத்தச் சோகை எனப்படும்.

ஒரே எண், பல காரணங்கள்

ஹீமோகுளோபின் அளவு குறைவைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. இதற்குத் துணைபுரிவது, ஆய்வுக்கூட அறிக்கையில் எம்.சி.வி. எனக் குறிக்கப்பெறும் சிவப்பணுவின் சராசரிப் பருமன். இதன் இயல்பான அளவு 80 முதல் 100 ஃபெம்டோ லிட்டர். இரும்புக் குறைவில் அணுக்கள் சிறுத்துவிடும். பி12 வைட்டமினோ ஃபோலிக் அமிலமோ குறையின் பெருத்துவிடும். பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறு உடையோரிடத்தும் அணுக்கள் சிறுத்தே காணப்படும். ஆயின் அவர்தம் குறை இரும்பினால் தீர்வதன்று. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை இவ்விரண்டையும் வேறுபடுத்த உதவும். எனினும் தொற்றுநோய் உள்ளபோது ஃபெரிட்டின் உயர்ந்து உண்மையான குறைவை மறைத்துவிடக்கூடும்.

மாதிரி எடுக்கும் முறை

விரல்நுனியைப் பிழிந்து எடுக்கும் துளியில் திசுநீர் கலந்து அளவு மாறலாம். சிரையிலிருந்து எடுக்கும் இரத்தமே கூடுதல் நம்பகமானது. மேற்கூறிய இரு ஆய்வுகளும் விரல்நுனி இரத்தத்தையே பயன்படுத்தின. ஆதலின், அவற்றிடையே காணும் உயர்வை இக்குறை ஒன்றினால் மட்டும் விளக்கிவிட இயலாது.

செய்ய வேண்டுவது

2018இல் தொடங்கப்பெற்ற ‘இரத்தச் சோகையற்ற இந்தியா’ திட்டத்தின் நெறிமுறை இங்குக் கருதத்தக்கது. சிகிச்சை தொடங்கி ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 1 கிராமேனும் உயராதவரை, மேற்பரிசோதனைக்காக உயர்நிலை மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். மாத்திரை உட்கொள்ளாமை, குடற்புழு, மறைவான இரத்தப்போக்கு, பரம்பரைக் கோளாறு ஆகியவற்றுள் எது காரணம் என்பது அப்போதுதான் வெளிப்படும்.

வழங்கிய மாத்திரைகளின் எண்ணிக்கை செலவின் கணக்கேயாகும். இரண்டாம் முறை எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனையே பயனின் கணக்கு. அவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் அலுவலரே திட்டத்தின் உண்மை நிலையை அறிவார்.