பங்கும் பாசமும்

முன்னுரை

'பங்காளி' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. பங்கினை ஆள்பவன் என்பது சொற்பொருள். ஒரே குடியிற் பிறந்த உறவினன் என்பது வழக்குப் பொருள். உறவையும் உரிமையையும் ஒரே சொல்லால் குறித்த தமிழுலகம், அவ்விரண்டும் மோதும் இடத்தையும் 'பங்காளிச் சண்டை' என்று அச்சொல்லாலேயே குறித்தது. பாரதப் பெரும்போருக்கு வித்திட்டதும் ஒரு பாகப்பிரிவினையே அன்றோ! பெருஞ்செல்வர் இல்லங்களில் மட்டுமன்றி, ஓர் ஓட்டு வீடும் சில தென்னைகளும் மட்டுமே உள்ள இல்லங்களிலும் இப்பிணக்கு எழுகின்றது. பங்கின் அளவைத் திட்டவட்டமாக வகுத்துள்ள இசுலாமியச் சமுதாயத்திலும் அது எழுவது ஏன் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பங்கு பிறந்த வரலாறு

இசுலாத்திற்கு முந்தைய அரபு மக்களிடம், போர்க்களம் புகக்கூடிய ஆடவருக்கே சொத்துரிமை இருந்தது; பெண்டிரும் சிறாரும் விலக்கப்பட்டனர். உஹதுப் போரில் (கி.பி. 625) ஸஅது இப்னு ரபீஉ (ரலி) உயிர்நீத்தபோது, அவருடைய சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். கைம்பெண் தம் இரு பெண்மக்களுடன் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் சென்று முறையிட்டார். திருமறையின் நான்காம் அத்தியாயத்திலுள்ள வாரிசுரிமை வசனம் அதன்பின் அருளப்பட்டதாக நபிமொழி நூல்கள் கூறுகின்றன. பெண்மக்களுக்கு மூன்றில் இரு பகுதியும், மனைவிக்கு எட்டில் ஒரு பகுதியும், எஞ்சியது சகோதரருக்கும் எனத் தீர்ப்பாயிற்று. சொத்தை இருபத்து நான்காகப் பகுத்தால் பெண்மக்களுக்குப் பதினாறு, தாய்க்கு மூன்று, சகோதரருக்கு ஐந்து. அனைத்தையும் கைப்பற்றியவருக்கு ஐந்தே எஞ்சின! வாரிசுரிமைச் சட்டம் ஓர் ஏழைத் தாயின் முறையீட்டோடு தொடர்புடையது என்பது ஈண்டு நினைத்தற்குரியது.

பங்கிடும் முறை

இறந்தவர் சொத்திலிருந்து முதற்கண் நல்லடக்கச் செலவும், அடுத்துக் கடன்களும் தீர்க்கப்படல் வேண்டும். மனைவிக்குக் கொடுபடாத மஹரும் கடனே. பின்னர், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத மரண சாசனம் நிறைவேற்றப்படும். அதன் பின்னரே பங்கீடு. மனைவியும் இரு மைந்தரும் ஒரு மகளும் வாரிசுகளாயின், நாற்பது இலட்ச ரூபாயில் மனைவிக்கு ஐந்து இலட்சம். மைந்தர் ஒவ்வொருவருக்கும் பதினான்கு இலட்சம். மகளுக்கு ஏழு இலட்சம்.

மைந்தனுக்கு இரு மடங்கு ஏன் என்ற வினாவுக்கு, குடும்பத்தைக் காக்கும் கடமை ஆடவன்மீது சுமத்தப்பட்டிருப்பதை அறிஞர் விடையாகக் காட்டுவர். அவ்விடை உண்மையாயின், பதினான்கு இலட்சம் பெற்ற பின்னர்த் தாயைச் சகோதரி இல்லத்தில் விட்டுச் செல்லும் மைந்தனை என்னென்பது? உரிமையை எடுத்துக் கடமையை விடுத்தவன் என்றே கூறல் வேண்டும்.

பிணக்கின் வேர்கள்

கணக்கு இத்துணைத் தெளிவாயிருக்கப் பிணக்கு எங்கிருந்து முளைக்கின்றது? வேர்கள் நான்கு எனலாம்.

முதலாவது, காலத்தாழ்வு. "உம்மா இருக்கும்வரை பிரிக்க வேண்டாம்" என்பர். பத்தாண்டுகள் கழியும்; வாடகையை ஒருவரே வாங்குவார்; வாரிசுகளுள் சிலர் இறக்க, ஐந்து பங்கினர் இருபது பங்கினராவர். பாசத்தின் பெயரால் ஒத்திவைத்த பங்கீடு பகையாய் முடியும்.

இரண்டாவது, எழுதா வரவுசெலவு. மகன் வளைகுடா நாட்டில் உழைத்தனுப்பிய பொருளால் தந்தையின் மனையில் வீடு எழும். அப்பொருள் அன்பளிப்பா, கடனா என்று எவரும் எழுதுவதில்லை. தந்தை மறைந்தபின், "என் வியர்வை" என்பான் அவன்; "வாப்பாவின் மனை" என்பர் ஏனையோர். இருவர் கூற்றும் மெய்யே. தந்தை வாழுங்காலத்திலேயே எழுதி வைத்த ஒரு தாள் இப்பூசலைத் தடுத்திருக்கும்.

மூன்றாவது, ஒருதலை அன்பளிப்பு. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு அவர்தம் தந்தை தனியே ஓர் அன்பளிப்பு வழங்கி, அண்ணலாரைச் சாட்சியாக்க விழைந்தார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே வழங்கினீரா என வினவிய அண்ணலார், இல்லையென அறிந்ததும் சாட்சியாக மறுத்து, மக்களிடையே நீதி பேணுமாறு பணித்தார்கள். தந்தையும் அதனைத் திரும்பப் பெற்றார்.

நான்காவது, சகோதரியின் மௌனம். "திருமணத்திற்குச் செலவிட்டாயிற்று" எனக் கூறி விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் பெறுவர். திருமணச் செலவு வாரிசுப் பங்குக்கு ஈடாகாது. தந்தையின் மறைவுக்குப் பின்னரே பிறக்கும் உரிமை அது. தன் பங்கு எவ்வளவென்றே அறியாதவள் விட்டுக்கொடுத்தாள் எனல் எங்ஙனம் பொருந்தும்? தாய்வீட்டு வாசல் அடைபடுமோ என அஞ்சி இட்ட கையொப்பம் இசைவாகாது. அவள் பங்கை அவள் கையிற் கொடுத்தபின், மனமுவந்து அவள் தருவாளாயின் அதுவே கொடை.

சட்டத்தின் துணை

1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் முசுலிம் பெண்டிரின் வாரிசுரிமையை வழக்காற்றின் பிடியிலிருந்து மீட்டது. எனினும் வேளாண் நிலம் அதன் எல்லைக்கு வெளியே இருந்தது. 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் அக்குறையை நீக்கியது. ஆதலின் தமிழகத்தில், "வீட்டில் பங்குண்டு, வயலில் இல்லை" என்பார்க்குச் சட்டத்தின் துணையில்லை. இந்து சமயப் பெண்டிருக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமையைத் தமிழகம் 1989-இலும், இந்திய நாடு முழுமைக்குமான திருத்தம் 2005-இலும் வழங்கின. ஆயினும் சகோதரியிடம் கையொப்பம் கேட்கும் வழக்கம் இரு சமுதாயங்களிலும் மறையவில்லை.

பெயரர் நிலை

தந்தைக்கு முன்னரே மைந்தன் ஒருவன் இறப்பானாயின், பிற மைந்தர் இருக்க, அவன் மக்களுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கில்லை. இதனை நெருடலாகக் கருதுவோர் பலர். எகிப்து 1946-இல் கட்டாய மரண சாசனச் சட்டத்தாலும், பாகிஸ்தான் 1961-இல் குடும்பச் சட்ட ஆணையாலும் இதற்கு வழிகண்டன. தமிழகத்தில் அத்தகைய சட்டமில்லை. எனினும் மூன்றில் ஒரு பகுதிக்குள் சாசனம் எழுதிவைக்கப் பாட்டனாருக்குத் தடையேதுமில்லை. வாரிசல்லாத உறவினரும் அநாதைகளும் பங்கீட்டின்போது வந்திருப்பின் அவர்க்கும் ஏதேனும் வழங்குமாறு திருமறை அறிவுறுத்துவதைப் பெரியப்பன்மாரும் சிற்றப்பன்மாரும் எண்ணிப் பார்த்தல் நன்று.

முடிவுரை

பங்கின் அளவை வகுத்தல் சட்டத்தின் பணி. அதனை உரிய காலத்தில், உரியவர் கையில், வெளிப்படையாகச் சேர்ப்பித்தல் குடும்பத்தின் பணி. பூசல் பிறப்பது பெரும்பாலும் முன்னதிலன்று, பின்னதிலேயே. பெரியோர் தம் வாழ்நாளிலேயே கடனையும் கொடையையும் எழுதி வைப்பாராக. ஜமாஅத்துப் பெருமக்கள் பங்கீட்டுக்கு அமரும்போது பெண் வாரிசுகளையும் நேரில் அழைத்து, அவரவர் பங்கை எடுத்துரைப்பாராக. மாணவச் செல்வங்கள் இக்கணக்கைக் கற்று, நாளை தம் இல்லத்தில், தம் சகோதரிக்குச் சேரவேண்டியதை அவள் கேட்குமுன் கணக்கிட்டு அளிப்பாராக. கேளாமலே கொடுக்கப்பட்ட பங்கு உறவைக் காக்கும். கேட்டும் கிடையாத பங்கு தலைமுறைகளைப் பிரிக்கும்.