ஒரு கேள்விக்கு ஒரு செஷன்: கல்வெட்டு படிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வாரமெல்லாம் விழுப்புரத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் பக்கம் கோயில், குன்று, ஏரிக்கரை என்று அலைச்சல், ராத்திரியில் மடிக்கணினியில் பழைய அறிக்கைகள். இந்த வயதில் இதைவிட நல்ல பழக்கம் ஒருவனுக்கு வாய்க்காது. நீ கேட்டிருப்பது சின்ன விஷயம் போலத் தெரிந்தாலும் நம் வேலையின் நடுவில் இருக்கிற விஷயம். திறந்த பிடிஎஃப்களை மூடினால் எங்கே விட்டோம் என்பது போய்விடுகிறது; மூடாமல் விட்டால் எது எதற்குத் திறந்தது என்பதே மறந்துபோகிறது. என்ன செய்வது என்கிறாய்.

நான் பார்த்தவரை, புதிதாகக் கல்வெட்டு படிக்க வருகிறவர்கள் எழுத்தில் தடுமாறுவது கொஞ்ச காலம்தான். வட்டெழுத்தும் கிரந்தமும் பழகப் பழக வந்துவிடும். நூல்களில்தான் நெடுங்காலம் தடுமாறுகிறார்கள். ஒரு கல்வெட்டு சுவரில் ஒரே இடத்தில் இருக்கும். அச்சில் அது நாலைந்து இடத்தில் சிதறிக் கிடக்கும். அந்த நாலைந்தையும் ஒரே நேரத்தில் கண்முன் வைத்துக்கொள்ளத் தெரிந்தவன்தான் அதை முழுசாகப் படிக்க முடியும்.

உன் பக்கத்து ஊரையே எடுத்துக்கொள். எண்ணாயிரம், அழகிய நரசிங்கப் பெருமாள் கோயில். ராஜராஜச் சதுர்வேதிமங்கலம் என்று கல்வெட்டில் பெயர் பெற்ற ஊர். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்லூரிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. அதைத் தேடிப் போகிறவன் '1917ஆம் ஆண்டின் 333ஆம் எண்' என்ற குறிப்பைத்தான் முதலில் பார்ப்பான். உடனே 1917ஆம் ஆண்டின் கல்வெட்டு ஆண்டறிக்கையைத் திறப்பான், கிடைக்காது. 1918 மார்ச்சில் முடிந்த ஆண்டின் அறிக்கைக்குள் அது இருக்கிறது. அதைத் திறந்தால், பின்னிணைப்புப் பட்டியலில் ஒரு கட்டத்துக்குள் நாலு வரி: ஊர், அரசன், ஆட்சியாண்டு, மொழி, சுருக்கம். அந்தக் கல்வெட்டு எவ்வளவு முக்கியம் என்பது அங்கே தெரியாது. அதே அறிக்கையின் இரண்டாம் பகுதியில், வெகு பக்கங்கள் தள்ளி, அதைப் பற்றித் தனியாகப் பேசியிருப்பார்கள். ஆக ஒரே பிடிஎஃப் உனக்கு இரண்டு இடத்தில் திறந்திருக்க வேண்டும். மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தால் கண்ணும் போகும், கணக்கும் போகும். தயங்காமல் அதே கோப்பை இரண்டு ஜன்னலில் திற. ஒன்றில் பட்டியல், ஒன்றில் விளக்கம்.

அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு மாணவர் எண்ணிக்கையைக் கூட்டிப் பார். ரிக் வேதத்துக்கு 75 மாணவர், யஜுருக்கு 75, வாஜசநேயத்துக்கு 20, சாந்தோக சாமத்துக்கு 20, தலவகார சாமத்துக்கு 20, அதர்வத்துக்கு 10, போதாயன கிருஹ்யம் முதலானவற்றுக்கு 10, ரூபாவதாரம் என்ற இலக்கணத்துக்கு 40. மொத்தம் 270. இவர்கள் இளையவர்கள். மேல்படிப்பில் வியாகரணத்துக்கு 25, பிரபாகர மீமாம்சைக்கு 35, வேதாந்தத்துக்கு 10; மொத்தம் 70. ஆக 340 பேர். தலைக்கு இவ்வளவு நெல் என்று அளந்தும் கொடுத்திருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இன்று விக்கிரவாண்டி வட்டத்தில் இருக்கிற ஒரு கிராமத்தில் இத்தனை பேர் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. அந்த வகுப்புகளில் யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இல்லை என்பதையும் அதே பட்டியல் சொல்கிறது. அதையும் படிக்கத் தவறாதே.

இதோடு நிறுத்தினால் எண்ணாயிரம் தனியாக நிற்கும். நீ விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் போகும்போது திருபுவனையைக் கடந்துதான் போகிறாய். அங்கே வரதராஜப் பெருமாள் கோயிலில் முதலாம் ராஜாதிராஜனின் 30ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, 1048ஆம் ஆண்டு. 1919இன் 176ஆம் எண். அதில் 260 மாணவர், 12 ஆசிரியர். வடக்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு: கல்லூரி, விடுதி, 15 படுக்கையோடு வீரசோழன் என்ற ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை. அதைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் முழுப் பாடத்தோடு பதிப்பித்திருக்கிறார். எண்ணாயிரத்துக்குப் பக்கத்து எசாலத்தில் 1987இல் செப்பேடுகளும் செப்புத் திருமேனிகளும் கிடைத்தன. ராஜேந்திரனின் குரு சர்வசிவ பண்டிதரின் பெயர் அவற்றில் வருகிறது. அவற்றைப் பற்றி இரா. நாகசாமி எழுதிய கட்டுரை பிரெஞ்சுக் கீழ்த்திசைப் பள்ளியின் இதழில் இருக்கிறது. திருபுவனைக்குப் பாகூர் குப்புசாமி தொகுத்து விஜயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரி மாநிலக் கல்வெட்டுகள் வேண்டும். எல்லாவற்றையும் கோத்துப் பார்க்க நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்'.

இவ்வளவும் ஒன்றாகத் திறந்து கிடப்பதுதான் ஒரு செஷன். அதற்குப் பெயர் 'சோழர் காலக் கல்விச் சாலைகள்'. இதற்குள் நீ செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றைக் கொண்டுவரக் கூடாது. அங்கே சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட செய்தி எனக்கும் பிடித்ததுதான். அது வேறு கேள்வி. அதற்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 17ஆம் தொகுதி, ஐராவதம் மகாதேவன் நூல், ஏகாம்பரநாதனும் சிவப்பிரகாசமும் தொகுத்த சமணக் கல்வெட்டுப் பட்டியல் என்று தனிக் கூட்டம் உண்டு. மேல்சித்தாமூர், தொண்டூர் எல்லாம் அந்தக் கூட்டத்தில் சேரும். கேள்விக்கு ஒரு செஷன். ஊருக்கு ஒன்று என்றுகூட வைக்காதே; ஊர் ஒன்றாக இருந்தாலும் கேள்வி இரண்டாக இருக்கலாம்.

இனி கருவி. நீ இப்போது குரோமில் எல்லாவற்றையும் டேபாகத் திறக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய். அதை விட்டுவிடு. மறுபடி திறக்கும்போது பிடிஎஃப் எந்தப் பக்கத்தில் நின்றது என்பதை அது வைத்திருக்காது. அக்ரோபட் ரீடரில் கடைசியாகத் திறந்திருந்தவற்றை மறுபடி திறக்கச் சொல்லலாம்; ஆனால் அது ஒரே ஒரு கூட்டத்தைத்தான் வைத்திருக்கும். எனக்குக் கைகொடுப்பது சுமத்ரா பிடிஎஃப். இலவசம், பழைய மடிக்கணினியிலும் சட்டென்று திறக்கும், பழைய நூல் ஸ்கேன்களில் அடிக்கடி வரும் டிஜாவு கோப்பையும் படிக்கும். மூடித் திறந்தால் எந்தெந்தக் கோப்பு எந்தெந்தப் பக்கத்தில் இருந்ததோ அப்படியே வந்து நிற்கும்.

அதிலும் ஒரு நேரத்தில் ஒரு செஷன்தானே என்று கேட்பாய். இதற்கு ஒரு வழி உண்டு. நிறுவத் தேவையில்லாத போர்ட்டபிள் வடிவத்தை இறக்கு. அது தன் அமைப்புகளையும் செஷனையும் தான் இருக்கும் ஃபோல்டரிலேயே ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைக்கும். அதனால் 'கல்விச் சாலை' ஃபோல்டரில் ஒரு நகல், 'சமணம்' ஃபோல்டரில் ஒரு நகல் என்று போட்டுக்கொள். எந்த ஃபோல்டருக்குள் போய் அதைத் திறக்கிறாயோ அந்தக் கேள்வியின் நூல்கள் மட்டும் எழுந்து வரும். ஒன்றின் விவகாரத்தில் இன்னொன்று தலையிடாது. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்: பிடிஎஃப்பை இரட்டைக் கிளிக் செய்தால் கணினியின் வழக்கமான நிரலில்தான் திறக்கும். அதனால் வேண்டிய ஜன்னலுக்குள் இழுத்துப் போடு. வேலை முடிந்ததும் டேப் டேப்பாக மூடாமல் மெனுவில் மொத்தமாக வெளியேறு. டேப்களை ஒவ்வொன்றாக மூடினால், நீ வேண்டாம் என்று சொன்னதாகத்தான் அது எடுத்துக்கொள்ளும்.

கோப்பின் பெயரைத் திறப்பதற்கு முன்பே மாற்று. இது சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்த விஷயம். ஆர்கைவ் தளத்திலிருந்து வரும் பழைய நூல்களின் பெயர் 'இன் டாட் எர்நெட் டாட் டிஎல்ஐ' என்று தொடங்கி ஓர் எண்ணில் முடியும். அதை அப்படியே திறந்து, பத்து நாள் கழித்துப் பெயர் மாற்றினால், செஷன் பழைய பெயரைத் தேடிக்கொண்டு நிற்கும். அது நினைவில் வைத்திருப்பது கோப்பு இருக்கும் பாதையைத்தான். பென் டிரைவிலிருந்து திறந்தாலும் இதே கதி. அடுத்த முறை டிரைவின் எழுத்து மாறினால் அத்தனையும் காணாமல் போகும். கணினியிலேயே ஓர் இடம், மாறாத பெயர். 'ஆண்டறிக்கை 1918', 'எபி. இண்டிகா 21' என்று யாருக்கும் புரிகிற பெயர்.

ஊர்ப் பெயரிலும் இதே சிக்கல் வரும். விழுப்புரம் மாவட்டம் 1993இல்தான் பிறந்தது. அதற்கு முன்னால் அச்சான எந்தப் பட்டியலிலும் நீ தென்னாற்காட்டில்தான் தேட வேண்டும். ரங்காச்சாரி 1919இல் வெளியிட்ட ஊர்வாரிப் பட்டியல் அன்றைய வட்டங்களைப் பின்பற்றியது. இன்றைய வட்ட எல்லையை வைத்துக்கொண்டு தேடினால் ஏமாந்துபோவாய். கல்வெட்டு அதற்கும் முந்திய கணக்கில் பேசும். இன்று திண்டிவனத்துக்குள்ளேயே அடங்கிவிட்ட கிடங்கில் என்ற ஊர், குறுநில மன்னன் நல்லியக்கோடனின் ஓய்மா நாட்டு ஊர். ஓய்மா நாடு என்பதை ஆங்கில அறிக்கைகள் மேலே கோடு போட்ட எழுத்துகளில் அச்சிட்டிருக்கும். ஸ்கேனை எழுத்தாக்கும் நிரல் அந்தக் கோடுகளைக் கண்டதும் உளறிவிடும். தேடுபெட்டியில் தட்டி ஒன்றும் வரவில்லை என்பதால் நூலில் இல்லை என்று எழுதிவிடாதே. பக்கம் பக்கமாகப் புரட்டு. கண்டதும் அங்கே ஒரு புக்மார்க் போடு.

பக்க எண்ணும் இரண்டு உண்டு. தாளில் அச்சான எண் ஒன்று, பிடிஎஃப் காட்டும் எண் வேறு. முன்னுரைப் பக்கங்கள், வெற்றுப் பக்கங்கள், ஸ்கேன் எடுத்தவர் இரண்டு முறை வைத்த பக்கங்கள் எல்லாம் சேர்ந்து இரண்டையும் விலக்கிவிடும். கட்டுரையில் அச்செண்தான் போக வேண்டும். உன் குறிப்பில் இரண்டையும் எழுது.

குறிப்பு என்று சொன்னேன். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியம் இதுதான். எந்தக் கோப்பு, எந்தப் பக்கம் என்பதை நிரல் வைத்திருக்கும். எதற்காக அந்தப் பக்கத்துக்கு வந்தாய் என்பதை அது வைத்திருக்காது. திருமுக்கூடல் பதிப்பின் நடுவில் ஒரு பக்கம் திறந்து கிடக்கும். விடுதி மாணவர் எண்ணிக்கையைச் சரிபார்க்க வந்தாயா, வைத்தியருக்குக் கொடுத்த நெல்லைப் பார்க்க வந்தாயா? மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் உன்னிடம் ஒன்றும் சொல்லாது. அதனால் அந்த ஃபோல்டரிலேயே ஒரு உரைக் கோப்பு வை. செஷனை மூடும் முன் கோப்புக்கு ஒரு வரி: நூல், இரண்டு பக்க எண், வந்த காரணம், அடுத்து செய்ய வேண்டியது. 'ஆண்டறிக்கை 1918, இரண்டாம் பகுதி. எண்ணாயிரம் இளைய மாணவர் கூட்டல் சரி. திருபுவனையோடு துறைவாரியாக ஒப்பிடணும்.' இவ்வளவு போதும். சோம்பல் பட்டு எழுதாமல் மூடுகிற நாள்தான் மறுபடி முதலிலிருந்து படிக்க வைக்கும்.

மின்சாரம் போய்க் கணினி அணைந்தாலும், விண்டோஸ் தானாகப் புதுப்பித்து மறுதொடக்கம் ஆனாலும், செஷன் கெட்டுப்போகலாம். அந்த உரைக் கோப்பு இருந்தால் கால் மணியில் மறுபடி கட்டிவிடலாம். நண்பருக்கு அனுப்பவும் அதுவே வழி. உன் செஷன் கோப்பை அவர் கணினியில் போட்டால் வேலை செய்யாது, ஏனென்றால் பாதைகள் உன் கணினியினுடையவை. பட்டியலை அனுப்பினால் அவர் தன்னிடம் இருக்கும் நூலில் அதே பக்கத்தைத் திறப்பார்.

ஒரு செஷனில் எத்தனை நூல் என்று கேட்டிருந்தாய். எண்ணிக்கை சொல்ல மாட்டேன். ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொன்றின் பெயர் நினைவுக்கு வராவிட்டால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம். 'பிறகு பார்க்கலாம்' என்று திறந்ததையெல்லாம் பட்டியலில் எழுதிவிட்டு மூடு. மூடுவது தோல்வி இல்லை, தம்பி. கேள்வி முடிந்த செஷனை முழுசாக மூடி, ஃபோல்டரை ஓரமாக எடுத்து வைப்பதும் ஆராய்ச்சியில் ஒரு படிதான்.

கோயிலுக்குப் போகும்போது மடிக்கணினியை எடுத்துப் போகாதே. வெயிலில் திரை தெரியாது. கோயிலார் முகம் சுளிப்பார்கள். செஷனிலிருந்து வேண்டிய பாடத்தை மட்டும் தாளில் அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார். அச்சில் புள்ளி போட்டு விட்டிருக்கும் சிதைந்த இடம் சுவரில் இன்றும் சிதைந்துதான் இருக்கிறதா, வெள்ளையடிப்பில் மறைந்துவிட்டதா, அறிக்கைக்காரர் காலத்தில் கட்டடத்தில் புதைந்திருந்த வரி இப்போது வெளியே வந்திருக்கிறதா என்று பார்ப்பது உன் வேலை. புதிதாக ஒன்று கிடைத்தால் மைப்படி எடுக்கத் தெரிந்தவரைக் கூட்டிப் போ. தமிழகத் தொல்லியல் கழகத்தின் 'ஆவணம்' இதழ் அப்படிப்பட்ட செய்திகளுக்காகவே ஆண்டுதோறும் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் சுவரில் கண்டதை அந்தச் செஷனின் உரைக் கோப்பில் தேதியோடு சேர்.

ஸ்கேனில் பக்கம் விடுபட்டிருந்தால் யூகித்து நிரப்பாதே. அதே நூலுக்கு வேறொரு ஸ்கேன் இருக்கிறதா பார். இல்லையென்றால் புதுச்சேரிக்கு ஒரு பஸ். பிரெஞ்சு நிறுவன நூலகம் 1955இலிருந்து நடக்கிறது. கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

எசாலத்துக்கு அடுத்த ஞாயிறு போவதாக எழுதியிருக்கிறாய். போவதற்கு முன் திருபுவனை, எண்ணாயிரம் இரண்டின் மாணவர் எண்ணிக்கையையும் துறைவாரியாக ஒரே தாளில் எழுதி எனக்கு அனுப்பு. இரண்டு இடத்திலும் மேல்படிப்புக்காரர்கள் 70 பேர்தான் என்பது எனக்குப் பல நாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. துறைகளின் பங்கும் ஒத்துப் போகிறதா என்று உன் கண்ணால் பார்த்துச் சொல்.

அன்புடன்,
உன் அண்ணன்